சலுகையும் உரிமையும்: வன்னிப் பெருநிலப்பரப்பில் மக்கட் பிரதிநிதித்துவத்தின் வரலாறு

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களிலேயே கருத்தூன்றி வந்துள்ளனர். ஒன்று, வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களின் எழுச்சியும் வீழ்ச்சியும். மற்றையது, அண்மைக்காலப் போரும் அதன் பேரழிவும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுங்காலத்திலே காடு வெட்டிக் குளந்திருத்திக் கமஞ்செய்த சாதாரண மக்கள் அரசை எவ்வாறு எதிர்கொண்டனர், காணிக்கும் நீருக்கும் உணவுக்கும் யாரை நாடினர், நாடிய வழி அவர்தம் வாழ்வை எவ்வாறு அமைத்தது என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. இவ்வினாக்களுக்கு விடை காணப் புகும் எவரும் பாராளுமன்ற உறுப்பினர் என்னும் இடைநிலை மனிதரைத் தாண்டிச் செல்லவியலாது. வன்னிக் கிராமத்தவனுக்கு அரசு என்பது நெடுங்காலம் கச்சேரியாகவும், அக்கச்சேரியின் கதவைத் திறக்கும் ‘எம்.பி.யின் கடிதம்’ ஆகவுமே காட்சியளித்தது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளை மையமாகக் கொண்டு அவ்வுறவின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குகின்றோம். தனிப்பட்ட அரசியல்வாதிகளின் நேர்மையையோ நேர்மையின்மையையோ அளவிடுவது எமது நோக்கமன்று. பலர் தம்மால் இயன்றதைச் செய்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. சட்டப்படி மக்களுக்கு உரியதாக இருந்தவை பிரதிநிதியின் கைவழியே வந்தபோது சலுகையாக உருமாறின என்பதும், வாக்கு இல்லாதோர் அச்சலுகையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதுமே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. விண்ணப்பத்தின் காலம்

1803 இல் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அதே ஆண்டின் ஒக்டோபர் முடிவில் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோல்வியுற்றதும் யாவரும் அறிந்தவை. அத்தோல்வியின் பின் வன்னிக் குடிமகனுக்கும் ஆட்சியாளருக்குமிடையே நேரடியான அரசியல் உறவு எதுவும் எஞ்சவில்லை. மணியகாரர், உடையார், விதானையார் என்னும் படிநிலை வழியே குடியேற்ற ஆட்சி கிராமத்தை அடைந்தது. குளத்து நீரைப் பங்கிடும் வட்டவிதானையும் நடைமுறையில் அப்படிநிலையின் ஓர் உறுப்பாகவே விளங்கினார். ஊரில் நிலமும் மாடும் உள்ள குடும்பங்களுக்கே இப்பதவிகள் பெரும்பாலும் உரியனவாயின என்பது கூறாமலே போதரும்.

1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கையேடு இக்காலப்பகுதியை ஆராய்வோர்க்கு இன்றியமையாத ஆவணமாகும். உடைந்த குளங்கள், காட்டுக் காய்ச்சல், குறைந்துகொண்டிருந்த குடித்தொகை ஆகியன அதிற் பதிவாகியுள்ளன. ஆயின் அக்கையேடு அதிகாரியின் கண்கொண்டு நோக்கிய வன்னியையே எமக்குத் தருகின்றது. 1892 இல் நீக்கப்படும் வரை நெல்வரி கமக்காரரை நெருக்கியது. வரி கட்ட முடியாதவனுக்கு விண்ணப்பம் ஒன்றே வழி. அவ்விண்ணப்பத்தையும் எழுத்தறிந்த ஒருவரே எழுதிக்கொடுத்தல் வேண்டும். தனக்காகப் பேச மற்றொருவரை வேண்டி நிற்கும் நிலை வாக்குரிமை வருவதற்கு முன்னரே வன்னியில் உறுதிப்பட்டிருந்தது என்பது இங்கு மனங்கொளத்தக்கது. பின்னர் வந்த பிரதிநிதி வெறுமையான இடத்தில் வந்தமரவில்லை. விதானையாரும் விண்ணப்பம் எழுதுவோரும் முன்னரே அமைத்துவைத்த இடத்தில் வந்தமர்ந்தார்.

2. காணிக் கச்சேரியும் முதற்பிரதிநிதிகளும்

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு வளர்ந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. அவ்வாண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் தேர்தலைப் பகிஷ்கரித்தன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி அப்பகிஷ்கரிப்பிற் சேரவில்லை. குடாநாட்டுப் படித்த வாலிபரின் அரசியல் ஒரு திசையிலும், பெருநிலப்பரப்பின் தேவைகள் மற்றொரு திசையிலும் சென்றமைக்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

வன்னியைப் பொறுத்தவரை வாக்குரிமைக்கு நிகரான முக்கியத்துவம் உடையது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம். அச்சட்டத்தின்கீழ் முடிக்குரிய காணிகள் நிலமற்ற விவசாயிகளுக்கு அனுமதிப்பத்திரத்தின் மூலம் வழங்கப்பட்டன. காணி பெற்றவர் அதனை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. வட்டிக்காரரிடமிருந்து சிறுவிவசாயியைக் காப்பதே இதன் நோக்கம் எனக் கூறப்பட்டது. அந்நோக்கம் முற்றிலும் பொய்யானதன்று. எனினும் இவ்வேற்பாட்டின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அனுமதிப்பத்திரக்காரர் நிலத்தின் முழு உடைமையாளர் அல்லர்; நிபந்தனைக்குட்பட்டு அரசின் தயவில் நிலத்தை வைத்திருப்பவர். யாருக்குக் காணி என்பது ‘காணிக் கச்சேரி’யில் தீர்மானிக்கப்பட்டது. அதிகாரி வினவுவார், விண்ணப்பித்தவர் தமது வறுமையையும் குடும்பத்தின் அளவையும் எடுத்துரைப்பார். சட்டம் தந்த உரிமை, நடைமுறையில் தெரிவுக்காகக் காத்து நிற்பதாயிற்று. பரிந்துரைக்கு இடமுண்டாகியது இக்காத்திருப்பிலேயாம்.

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிமுடிக்கப்பட்ட இரணைமடுக் குளமும், 1905 இல் யாழ்ப்பாணத்தை எட்டிய புகையிரதப் பாதையும் கிளிநொச்சியைக் குடியேற்றத்திற்குத் திறந்துவிட்டன. 1930களிலிருந்து குடாநாட்டின் நிலமற்றோர் அங்கு வரத்தொடங்கினர். 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவைக் கட்டுப்படுத்தியதன் பின்னர் இவ்வரவு பெருகியது. முல்லைத்தீவையும் உள்ளடக்கிய அன்றைய வவுனியா மாவட்டத்தின் குடித்தொகை 1946 இல் ஏறத்தாழ 23 ஆயிரம். 1971 இல் அது 95 ஆயிரமளவுக்கு உயர்ந்தது. கால் நூற்றாண்டில் நான்கு மடங்கான இப்பெருக்கத்தை நினைவிற் கொள்ளாது வன்னி அரசியலை விளங்கிக்கொள்ளல் இயலாது.

சோல்பரித் திட்டத்தின்படி 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும், அதற்கு மேலாக ஆயிரஞ் சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் என மாகாணங்களுக்குப் பிரதிநிதித்துவம் வகுக்கப்பட்டது. 23 ஆயிரம் மக்களே வாழ்ந்த வவுனியா தனியொரு தொகுதியாக முடிந்தது, நிலப்பரப்புக்கென வட மாகாணம் பெற்ற மேலதிக ஆசனங்களின் பயனாகவே எனலாம். மக்கள் தொகையைக் காட்டிலும் காட்டின் பரப்பே அவ்வாசனத்தைப் பெற்றுத்தந்தது. சிறு எண்ணிக்கையினரான, சிதறி வாழ்ந்த, தமக்கென அமைப்பெதுவும் இல்லாத வாக்காளரைக் கொண்ட அத்தொகுதி, வெளியிலிருந்து வரும் பெரியவர்க்கு வாய்ப்பானதாக அமைந்ததில் வியப்பில்லை.

1947 இல் வவுனியாவிலிருந்து சுயேச்சையாகத் தெரிவானவர் சி. சுந்தரலிங்கம். உரும்பிராயிற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் பயின்று, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். டி. எஸ். சேனநாயக்காவின் முதலாவது அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமை தொடர்பான சட்டவாக்கத்தையொட்டி 1948 இல் அமைச்சுப் பதவியைத் துறந்தார். அச்செயல் பாராட்டத்தக்கதே. ஆயின் அதே சுந்தரலிங்கமே 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவதை எதிர்த்து முன்னணியில் நின்றார். ஒருபுறம் குடியுரிமை பறிப்பை எதிர்த்தவர் மறுபுறம் ஆலயப் பிரவேசத்தை எதிர்த்தமை தனிமனித முரண்பாடு மட்டுமன்று. குடாநாட்டு உயர்சாதி நிலவுடைமை வர்க்கத்தின் அரசியல் எல்லையையும் அது காட்டிநிற்கின்றது. 1960 மார்ச் தேர்தலில் அவர் தி. சிவசிதம்பரத்திடம் தோல்வியுற்றதோடு வவுனியாவின் அரசியலில் ஒரு கட்டம் முடிவுற்றது.

3. கடிதத்தின் அரசியல்

1959 ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயத்தாற் கிளிநொச்சி தனித்தொகுதியாயிற்று. 1965 இல் அத்தொகுதியில் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றவர் தமிழறிஞரான கா. பொ. இரத்தினம். தமிழ்மொழி உரிமையை முதன்மைப்படுத்திய கட்சி, குடியேற்றக் கமக்காரர் நிறைந்த தொகுதிக்குப் பண்டிதர் ஒருவரை அனுப்பியமை அக்காலத் தமிழ்த் தேசியத்தின் இயல்பைத் தெளிவுறுத்துகின்றது. 1970 இல் வெற்றிபெற்ற வீ. ஆனந்தசங்கரியின் பின்னணி வேறானது. லங்கா சமசமாஜக் கட்சியில் அரசியலைத் தொடங்கி, கரைச்சிக் கிராமச் சபைத் தலைவராக இருந்து, தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக அவர் வென்றார். கிராமச் சபையிலிருந்து பாராளுமன்றம் செல்லும் இப்பாதை, குடியேற்றவாசிகள் தம்மை ஒரு வாக்குப் பலமாக உணரத் தொடங்கியமையைக் காட்டுகின்றது. ஆயின் அவ்வுணர்வு வர்க்க அடிப்படையிலான அமைப்பாக வளரவில்லை; இடதுசாரி அடையாளத்தோடு வெல்ல முடியாதவர் இனவழிக் கட்சியின் அடையாளத்தோடு வென்றார் என்பதே நிகழ்ந்தது.

வன்னிக் கமக்காரர் ஏன் தம்மைத் தாமே அமைப்பாக்கிக்கொள்ளவில்லை என்னும் வினா இங்கு எழும். 1852 இல் பிரெஞ்சுச் சிறுநில விவசாயிகளைப் பற்றி மார்க்ஸ் செய்த ஆய்வு இதற்கு ஒளிதரும். ஒரே வகையான வாழ்நிலையில் இருந்தும் தம்முள் இணைப்பின்றித் தனித்தனியே உழைக்கும் விவசாயிகள், தமக்குமேல் நின்று தமக்காகப் பேசும் அதிகாரமொன்றை எதிர்பார்க்க நேரிடுகின்றது என்பது அவர் முடிவு. வன்னியின் குடியேற்றவாசியும் அவ்வாறே தன் மூன்று ஏக்கரோ ஐந்து ஏக்கரோ கொண்ட துண்டிலே தனித்து நின்றான். விதைநெல், உரம், கடன், வாய்க்கால் நீர், அனுமதிப்பத்திரம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனித்தனித் திணைக்களத்தை அணுகவேண்டியிருந்தது. அவ்வலுவலகங்களில் அவன் முகத்தை அறிந்தவர் எவருமிலர். இந்நிலையிற் பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் அவனுக்குக் கிடைத்த ஒரேயொரு ஆயுதமாயிற்று.

இப்போக்கை மாற்றக்கூடிய முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளித்ததோடு, வட்டவிதானை முறையை அகற்றி விவசாயிகள் தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. நீர்ப்பங்கீட்டைக் கமக்காரரே நடத்தும் முதல் வாய்ப்பு அதுவாகும். 1972 இல் உருவாக்கப்பட்ட விவசாய உற்பத்திக் குழுக்களின் உறுப்பினர்களோ அமைச்சரால் நியமிக்கப்பட்டனர். நியமனத்திற்கு அரசியற் பரிந்துரையே அடிப்படையாயிற்று. ஆட்சியில் இடதுசாரிக் கட்சிகள் அங்கம் வகித்த காலத்திலேயே தெரிவு நியமனமாக மாறியமை நாம் வருத்தத்தோடு பதியவேண்டிய உண்மையாகும்.

1973–74 காலப்பகுதியில் மாவட்ட அரசியல் அதிகாரி முறையும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. தொகுதிக்கென ஒதுக்கப்பட்ட நிதியாற் செய்யத்தக்க வேலைகளைப் பாராளுமன்ற உறுப்பினரே முன்மொழிந்தார். பாலம், பாடசாலைக் கட்டடம், கிணறு, வீதி ஆகியன அவர் பெயரோடு இணைந்தன. 1978 இல் ‘வேலை வங்கி’த் திட்டத்தின்கீழ் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஆயிரம் விண்ணப்பப் படிவங்கள் பகிர்ந்தளிப்பதற்கென வழங்கப்பட்டன. அரச வேலைக்கு விண்ணப்பிக்கும் உரிமையே இதன்மூலம் ஒருவரின் கையிலிருக்கும் தாளாயிற்று. 1980 ஆம் ஆண்டின் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம் கிராமச் சபைகளையும் பட்டின சபைகளையும் இல்லாதொழித்தது. கிராமத்தவன் தன் ஊரிலேயே கேள்வி கேட்கக்கூடிய மன்றம் மறைந்தது. பாராளுமன்ற உறுப்பினரின் வாசலில் நின்ற வரிசை நீண்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தமிழ்ப் பகுதிகளைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் இருந்தது. இங்கு வென்றோர் பெரும்பாலும் எதிர்க்கட்சியினர். அவர்தம் கடிதத்திற்குத் தெற்கிலே ஆளுங்கட்சி உறுப்பினரின் துண்டுக்கிருந்த வலிமை இல்லை. ஆகவே மேடையில் உரிமை பேசியவரே அலுவலகத்திற் சலுகை வேண்ட நேர்ந்தது. 1976 இல் தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றிய கட்சியின் உறுப்பினர்கள், 1977 இல் வவுனியாவில் தி. சிவசிதம்பரமும், முல்லைத்தீவில் எக்ஸ். எம். செல்லத்தம்புவும், கிளிநொச்சியில் ஆனந்தசங்கரியுமாக வென்று சென்றது கொழும்பிலுள்ள அதே பாராளுமன்றத்திற்கே. மக்களுக்கு வேண்டியிருந்த வாய்க்காலுக்கும் அனுமதிப்பத்திரத்திற்கும் அவர்கள் அந்த அரசையே அணுகவேண்டியிருந்தது.

இக்காலத்து வன்னியை இலக்கியம் எவ்வாறு கண்டது என்பதும் நோக்கற்பாலது. 1973 இல் வெளிவந்த பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்புக் காட்டுக் கிராமத்தின் எளிய வாழ்வில் வெளியிலிருந்து வரும் ஆசிரியரொருவர் ஏற்படுத்தும் சலனத்தைச் சித்திரித்தது. 1977 இல் வெளிவந்த செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ அதிகாரிகளும் பணம் படைத்தோரும் கமக்காரரைச் சுரண்டுவதையும், அதற்கெதிராக எழும் சினத்தையும் பொருளாகக் கொண்டது. முன்னையதில் வெளியார் ஒரு மனச்சலனம். பின்னையதில் வெளியார் ஒரு வர்க்கம். நான்காண்டு இடைவெளியில் நிகழ்ந்த இப்பார்வை மாற்றத்தை இரு ஆசிரியர்களின் மனோபாவ வேறுபாடு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதித் தடையினால் மிளகாயும் வெங்காயமும் பணப்பயிராக உயர்ந்தன. விசுவமடு, முத்தையன்கட்டுப் போன்ற இடங்களிற் படித்த வாலிபர் குடியேறினர். பணம் புழங்கிய இடத்தில் இடைத்தரகும் பெருகியது. நாவல் அதைக் காணத் தொடங்கியது.

4. வாக்கில்லாதோர்

இதுவரை கூறியவை வாக்குள்ளோரின் வரலாறு. சலுகை அரசியலின் உண்மை இயல்பு வாக்கில்லாதோரை நோக்கும்போதே முழுமையாகத் தெரியவரும்.

1948 ஆம், 1949 ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களாற் பெரும்பான்மையான மலையகத் தமிழர் நாடற்றோராக்கப்பட்டனர். அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையையும் இழந்தனர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1958 இன் கலவரத்தை அடுத்தும், 1970களின் தோட்டப் பஞ்சத்தினாலும், 1977 ஓகஸ்ட் வன்செயலினாலும் இம்மக்களிற் பல்லாயிரவர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டினர். பிறருடைய வயல்களிற் கூலிக்கு உழைத்தனர். மிளகாய்ச் செய்கையின் செழிப்பு இவர்களுடைய உழைப்பின்றி நிகழ்ந்திராது. ஆயின் இவர்களிற் பலரிடம் குடியுரிமைச் சான்றில்லை, ஆகவே வாக்கில்லை, ஆகவே காணிக் கச்சேரியில் இடமில்லை. வாக்கில்லாதவனுக்குக் கடிதம் எழுதுவதனாற் பிரதிநிதிக்கு ஆவதொன்றுமில்லை. குடியுரிமைச் சட்டவாக்கத்தையொட்டி அமைச்சரொருவர் பதவி துறந்த அதே வவுனியாவில், அச்சட்டங்களாற் பாதிக்கப்பட்டோரின் பிள்ளைகள் வாக்கற்ற கூலிகளாக வந்து சேர்ந்தமை வரலாற்றின் கசப்பான திருப்பமாகும்.

அவ்விடைவெளியை நிரப்ப முயன்றது காந்தீயம் அமைப்பு. கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவரான சோ. இராஜசுந்தரமும் 1970களின் நடுப்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு அதனைக் கட்டியெழுப்பினர். இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்தல், பாலர் பாடசாலைகள், ஆரம்ப சுகாதாரம், கூட்டுப் பண்ணைகள் என அதன் பணிகள் விரிந்தன. அதன் கருத்தியலில் எமக்கு உடன்பாடின்மைகள் உண்டு. வர்க்க முரண்பாட்டை அன்பினாலும் சேவையினாலும் கடக்கலாம் என்ற நம்பிக்கை அதில் மேலோங்கியிருந்தது. ஆயினும் வாக்கைக் கணக்கிடாது தேவையைக் கணக்கிட்டு உதவி வழங்கிய அமைப்பு அதுவென்பதை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27 ஆந் திகதி வெலிக்கடைச் சிறைச்சாலைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகத் தமிழர் வெளியேற்றப்பட்டு, அங்கு சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் குடியமர்த்தப்பட்டனர். 1984 நவம்பர் இறுதியில் அவர்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். நிலமற்ற ஏழைகளை நிலமற்ற ஏழைகளுக்கெதிராக நிறுத்திய அரசின் குடியேற்றக் கொள்கையும், அவ்வேழைகளையே இலக்காகக் கொண்ட ஆயுத அரசியலும் அம்மண்ணில் ஒருசேர வெளிப்பட்டன.

5. வெற்று ஆசனங்களின் காலம்

1983 ஓகஸ்டில் நிறைவேறிய ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் பிரிவினைக்கெதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. கூட்டணி உறுப்பினர்கள் அதனை ஏற்க மறுத்து ஆசனங்களை இழந்தனர். 1989 தேர்தல் வரை வன்னியின் தமிழ் மக்களுக்குப் பாராளுமன்றப் பிரதிநிதிகள் இருக்கவில்லை. குறையுடையதாயினும் இருந்த ஒரு வாயில் அடைபட்டது.

1989 முதல் விகிதாசார முறையின்கீழ் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் ஆகியவை வன்னித் தேர்தல் மாவட்டமாயின; 1984 இல் தனி நிர்வாக மாவட்டமான கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. போர்ச் சூழலில் இம்முறை எவ்வளவு பொருளற்றதாயிற்று என்பதற்கு 1994 தேர்தல் சான்றாகும். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் வாக்களிப்பு நடைபெறாமையால், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் வாக்குகளைப் பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 10 ஆசனங்களில் 9 ஐப் பெற்றது. கிளிநொச்சி மக்களின் பெயரால் அமர்ந்தோரைக் கிளிநொச்சி மக்கள் தெரிவு செய்யவில்லை. அவர்கள் வாழ்ந்த இடத்தில் அதிகாரம் செலுத்திய இயக்கமும் அவர்களால் தேர்தல் மூலம் தெரிவு செய்யப்பட்டதன்று. 1990 ஒக்டோபரில் அவ்வியக்கத்தாற் சில நாள்களுக்குள் வெளியேற்றப்பட்ட வட மாகாண முஸ்லிம்களில் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அடங்குவர். தலைமுறை தலைமுறையாக வன்னியிற் கமஞ்செய்தும் கடற்றொழில் புரிந்தும் வாழ்ந்தோர் அகதிகளாயினர். பிரதிநிதித்துவமற்ற அதிகாரம் எத்தகைய கொடுமைக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இக்காலப்பகுதியில் ‘நிவாரணம்’ என்னும் சொல் வன்னி மக்களின் அன்றாட வழக்கிற் குறுகிய பொருளொன்றைப் பெற்றது. நீக்குதல், தீர்த்தல் என்னும் பொதுப்பொருளை இழந்து, இடம்பெயர்ந்தோர்க்கு அட்டைக்கு அளந்து கொடுக்கப்படும் அரிசி, பருப்பு, சீனி, மா என்பதே அதன் பொருளாயிற்று. விதைத்து விற்றவன் வரிசையில் நின்று வாங்குபவனானான். 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்தெம்பரிலேயே மூடப்பட்டது.

6. பயனாளியின் தோற்றம்

போருக்குப் பிற்பட்ட வன்னியின் அரசியற் சொல் ‘பயனாளி’ என்பதாகும். வீட்டுத் திட்டப் பயனாளி, வாழ்வாதாரப் பயனாளி, சமுர்த்திப் பயனாளி எனச் சொற்கள் பெருகின. கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் துவிச்சக்கரவண்டியும் வழங்கும் நிகழ்வுகளில், வழங்குபவர் நடுவிலும் பெறுபவர் பக்கத்திலும் நின்று எடுத்த புகைப்படங்கள் மறுநாட் பத்திரிகையில் வெளிவந்தன. குடியானவன், குடியேற்றவாசி, வாக்காளன் என்னும் முன்னைய பெயர்கள் ஏதோவொரு செயலையோ உரிமையையோ உணர்த்தின. பயனாளி என்ற சொல் பெறுதலை மாத்திரமே உணர்த்துகின்றது. விருப்பு வாக்கு முறை, ஒரே மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் ஆகியோரின் பிரதிநிதிகளை ஆசனங்களுக்காகப் போட்டியிட வைத்தது. மீள்குடியேற்றமும் வீடும் காணியும் அப்போட்டியில் இனவாரியாக எண்ணப்படலாயின. 2023 இல் தொடங்கிய ‘அஸ்வெசும’ திட்டம் பயனாளித் தெரிவைப் புள்ளிக் கணிப்பிடம் ஒப்படைத்தது. கடிதத்தின் இடத்தைக் கணிப்பு எடுத்துக்கொண்டமையால் தரகு குறையலாம். ஆயின் விடுபட்டவர் யாரிடம் கேள்வி கேட்பது என்னும் பழைய வினா தீர்ந்துவிடவில்லை.

1935 ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தை மீண்டும் நோக்குவோம். அதன் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து, மகளுக்கு முன் மகனுக்கே உரிமை அளித்தது. கணவனை இழந்த பெண் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாதபோது ஆயுட்கால அனுபவத்தை மாத்திரமே பெற்றாள். மறுமணத்தோடு அதையும் இழந்தாள். போரினாற் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகிய கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இவ்விதி எத்தகைய விளைவை ஏற்படுத்தியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எந்தச் சிபாரிசுக் கடிதமும் இதனைத் தீர்த்திருக்க முடியாது. பெண்கள் அமைப்புகளின் நெடுங்காலக் கோரிக்கையின் பின்னர் 2022 இல் நிறைவேறிய திருத்தமே அப்பாகுபாட்டை நீக்கியது. சட்டமியற்றுவோரின் உண்மையான பணி எது என்பதை இவ்வொரு நிகழ்ச்சி தெளிவாக்கும்.

மக்கள் தாமே அமைப்பாகிச் செயற்பட்ட நிகழ்வுகளும் இக்காலத்தில் உள. இரணைமடு நீரைக் குடாநாட்டின் குடிநீருக்குக் கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, அதன் நீரை நம்பியிருந்த கமக்காரர் அமைப்புகள் எதிர்த்து நின்றன. முடிவிற் கடல்நீரை நன்னீராக்கும் மாற்றுத்திட்டம் ஏற்கப்பட்டு, 2024 இல் தாளையடியில் அந்நிலையம் திறக்கப்பட்டது. குடாநாட்டின் தாகமும் நியாயமானதே. ஆயினும் வன்னிக் கமக்காரரின் குரல் திட்டமொன்றை மாற்றியமைத்தது என்பதே இங்கு முக்கியம். 2017 இன் தொடக்கத்திற் கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன் குழந்தைகளோடு அமர்ந்தனர். ஒரு மாதமளவில் அவர்தம் காணிகள் விடுவிக்கப்பட்டன. அதே ஆண்டு பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் நிவாரணத்தைக் கோரவில்லை, விடையைக் கோரியது. வரிசையில் நின்று பெறுவதற்குப் பழக்கப்படுத்தப்பட்ட சமூகத்தின் தாய்மார், பெறுவதற்கு மறுத்து, சொல்லுமாறு கேட்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகளைச் சுருக்கமாகக் கூறலாம். வன்னியிற் பாராளுமன்ற உறுப்பினரின் செல்வாக்கு மக்களின் அமைப்பின்மையிலிருந்தே தன் வலிமையைப் பெற்றது. பயிர்ச்செய்கைக் குழு, கிராமச் சபை போன்ற ஊர்மட்ட மன்றங்கள் தேய்ந்தபோதெல்லாம் அது வளர்ந்தது. அச்செல்வாக்கின் எல்லை வாக்கின் எல்லையாகவே இருந்தமையால், மிகத் தேவையுடையோரே அதன் வெளியே நின்றனர். நாடற்றோருக்கு எஞ்சியிருந்த குடியுரிமைச் சிக்கலை 2003 ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலும் தீர்த்துவைத்தது. எனினும் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிளிநொச்சிக் குடியிருப்புகளில் மலையக வழிவந்தோரின் காணி உறுதிக்கான கோரிக்கை குடியுரிமையோடு முடிந்துவிடவில்லை. வாக்கு வந்த பின்னரும் நிலம் வராதிருந்தமை, வாக்கு மாத்திரம் போதாது என்பதற்குச் சான்றாகும்.

ஆகவே நல்ல பிரதிநிதி யார் என்னும் வினாவை எத்தனை கடிதம் எழுதினார், எத்தனை பேருக்கு உதவினார் என்னும் கணக்கைக் கொண்டு தீர்மானித்தல் போதாது. அவருடைய பதவிக்காலத்தின் முடிவில் எத்தனை காரியங்களுக்கு அவருடைய கடிதம் தேவைப்படாமற் போயிற்று என்பதே அளவுகோலாதல் வேண்டும். அவ்வளவுகோலைப் பயன்படுத்தும் ஆற்றல் குளக்கட்டிலும் கிராம மன்றத்திலும் கூடிப் பேசும் கமக்காரரிடமும் கூலியாளரிடமும் பெண்களிடமுமே உண்டு. அத்தகைய கூட்டங்களின் வரலாறு இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. கமக்காரர் அமைப்புகளின் கூட்டறிக்கைகளும் கிராமச் சபைப் பதிவேடுகளும், எஞ்சியுள்ளவை, அழியுமுன் திரட்டப்படல் வேண்டும். போரில் வீடுகளோடு எரிந்துபோன ஆவணங்கள் பல. நினைவிலேனும் அவற்றைச் சுமந்திருப்போர் இன்றும் வன்னியில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டெழுதும் பணியை எமது பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத்துறை மாணவர் மேற்கொள்வாராயின், சலுகையின் வரலாற்றோடு உரிமைக்கான முயற்சிகளின் வரலாற்றையும் எழுதுவதற்கு வழியுண்டாகும்.